க்ரேவ் என்றால் மணற்கரை

“மாமி, அங்க அறுபத்து ரெண்ட அறுபத்து நாலாக்கினதுக்கா அவ்வளவு சனம் றோட்டுக்கு வந்தது? ரெண்டே ரெண்டு வருசத்துக்கா?”

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அடுத்த வீட்டுப் பிள்ளை கேட்டாள். நான் மட்டக்களப்பு கல்லடியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தேன். தை மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, முற்றத்து மணல் இன்னும் ஈரம். அவள் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். கிழமையில் ஆறு நாளும் விடிய ஐந்தே முக்காலுக்குக் கம்பனி பஸ். ஞாயிறு ஒரு நாள்தான் என் பக்கத்தில் வந்து இருப்பாள், தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

நான் ஏதோ சொன்னேன், அவளும் தலையாட்டினாள். ஆனால் சொன்னது சரியான பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. இரண்டு நாளாக அதே யோசனை. எழுதினால் சரி வரும் என்று நினைக்கிறேன்.

அவள் கேட்டது 2023 இல் பிரான்சில் நடந்த ஓய்வூதியப் போராட்டத்தை. அந்த வருடம் சனவரி 10 ஆம் திகதி பிரதமர் எலிசபெத் போர்ன் திட்டத்தை அறிவித்தார்: ஓய்வு வயது 62 இல் இருந்து 64, முழு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 43 வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும். ஒன்பது நாள் கழித்துப் பத்து லட்சத்துக்கும் மேலான சனம் தெருவில் நின்றது. அது உள்துறை அமைச்சே சொன்ன கணக்கு, தொழிற்சங்கங்கள் அதைவிடக் கூடச் சொல்லின. பெரிய தொழிற்சங்கங்கள் எட்டும் ஒன்றாக நின்றன. சாதாரண நாளில் அந்த எட்டும் ஒரு மேசையில் இருந்து தேத்தண்ணி குடிப்பதே அருமை.

நான் முதலில் சொல்ல வேண்டியது, அந்தச் சட்டம் என்னை நேராகத் தொடவில்லை. நான் பாரிசுக்குப் போனது 1993 இல், 27 வயதில். முதல் நான்கு வருடம் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சமையற்கட்டில் பாத்திரம் கழுவினேன், பதிவில்லாத வேலை. அப்புறம் இரண்டு பிள்ளைகள். 2001 இல் இருந்துதான் விடுதியில் அறை துப்புரவு, ஒழுங்கான சம்பளச் சிட்டையோடு. இதில் 43 வருடத்தை எங்கே போய்த் தேடுவது? என்னைப் போன்றவர்கள் 67 வரை இருந்தால்தான் வெட்டில்லாத ஓய்வூதியம். அது பழைய சட்டத்திலும் 67 தான், புதிய சட்டத்திலும் 67 தான்.

அப்படி இருந்தும் ஏன் போனேன் என்றால், கையால்தான்.

விடுதி அறையில் கட்டில் விரிப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி, மற்றக் கையால் விரிப்பை அடியில் செருகி, பெருவிரலால் அமத்தி இழுக்க வேண்டும். மெத்தையின் பாரம் அத்தனையும் அந்தப் பெருவிரலின் அடிமூட்டில்தான் வந்து இறங்கும். ஒரு கட்டிலுக்கு நாலு மூலை. 15 கட்டில் என்றால் 60 தடவை. அதன்பிறகு குளியலறை, கண்ணாடி, தூசு, அடுத்த கதவு. எனக்கு ஐம்பது தாண்டியபோது இரவில் பின்னல் ஊசியைப் பிடித்தால் பெருவிரல் விறைத்துப் போகத் தொடங்கியது. பின்னலில் நூலை விட்டுப் பிடிப்பதும் அதே பெருவிரல்தான். பகலில் விடுதிக்குக் கொடுத்த விரலில் இரவுக்கு என்னதான் மிஞ்சும்?

என்னோடு ஜோடியாக வேலை செய்தவள் மாலி நாட்டுக்காரி. என்னைவிட மூத்தவள், முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். அவள் 62 க்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சமையற்கட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் உடுப்பு மாற்றும்போது, அந்தச் செய்தியை என் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு முழங்காலில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ரெண்டே ரெண்டு வருசம் என்று அடுத்த வீட்டுப் பிள்ளை சொன்னபோது எனக்கு அந்த முழங்கால்தான் ஞாபகம் வந்தது. மேசைக்கு முன்னால் இருந்து வேலை செய்பவருக்கு இரண்டு வருடம் என்பது இரண்டு வருடம்தான். தூக்கிக் குனிந்து வேலை செய்பவருக்கு அது மிச்சமிருக்கும் நல்ல காலத்தில் இருந்து வெட்டி எடுக்கிற துண்டு.

ஆனால் நான் எப்போதும் இப்படி நினைத்தவள் இல்லை. 1995 நவம்பர் கடைசியில் பெரிய வேலைநிறுத்தம் வந்தது, மூன்று கிழமைக்கு மேல். அதுவும் ஓய்வூதியச் சண்டைதான். மெத்ரோ இல்லை, ரயில் இல்லை. பாத்திரம் கழுவப் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குளிரில் நடந்தேன். பதிவில்லாத வேலை, போகாவிட்டால் அடுத்த நாள் என் இடத்தில் வேறு ஆள் நிற்கும். “இவங்களுக்கு வேலை செய்யப் பஞ்சி” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இரு, இது நம்முடைய நாடா, நமக்கு ஏன் இந்தத் தலையிடி என்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயம் எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மட்டக்களப்பில் வளர்ந்த என் வயதுப் பெண்ணுக்குக் கூட்டம் என்றால் என்ன? சனம் ஓரிடத்தில் சேர்ந்தால் வீட்டுக்கு ஓடு. சீருடை தெரிந்தால் வேலியால் குனிந்து ஓடு. ஹர்த்தால் என்றால் கடை பூட்டு, பஸ் இல்லை, கல்லடிப் பாலத்தில் ஒரு நாயும் இல்லை. போராட்டம் என்றால் எங்களுக்குத் தெரு வெறிச்சோடுவது. 1953 ஆகஸ்ட் 12 இல் இந்த நாட்டில் அரிசிக்காக நடந்த பெரிய ஹர்த்தாலை அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேள்விப்பட்டிருக்கிறார். ரேஷன் அரிசி 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியது, சனம் எழும்பியது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். அம்மாவுக்கு நினைவிருப்பது அரிசி விலைதான். எனக்கு ஹர்த்தால் என்றால் ஞாபகம் வருவது பூட்டிய கதவும் அதற்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததும்.

பிரான்சில் அது தலைகீழ். அங்கே போராட்டம் என்றால் தெரு நிரம்ப வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் சொல்லும் ‘க்ரேவ்’ என்ற சொல்லை நான் இருபது வருடம் பொருள் தெரியாமல்தான் பாவித்தேன். தொழிற்சங்கத்துக்காரி ஒருத்திதான் விளங்கப்படுத்தினாள். பாரிஸ் நகரசபைக்கு முன்னால் சேன் ஆற்றோரம் இருந்த திடலுக்குப் பழைய பெயர் க்ரேவ் திடல். க்ரேவ் என்றால் மணலும் பரலும் கிடக்கிற கரை. வேலை தேடுகிறவர்கள் விடிய அந்தக் கரையில் வந்து காத்து நிற்பார்களாம். பிறகு வேலையை நிறுத்திவிட்டு நிற்பதற்கும் அதுவே பெயராகிவிட்டது. அவள் இதைச் சொன்னபோது என் மனதில் வந்தது சேன் ஆறு இல்லை, இந்த வாவிக்கரை. விடிய இருட்டோடு மீன் வாங்கவும் தோணிக்கு ஆள் சேர்க்கவும் சனம் கூடி நிற்கும் கரை. அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்குச் சொந்தமானது.

சரி, முதல் ஊர்வலம். 2023 பெப்ரவரி 11, சனிக்கிழமை. சனிக்கிழமை என்பதால்தான் போனேன். மற்ற நாட்கள் பெரும்பாலும் வேலைநாளில் வந்தன, போனால் அன்றைய சம்பளம் வெட்டு. பிரான்சில் வேலைநிறுத்தம் செய்வது அரசியலமைப்பு தரும் உரிமை, அதற்காக வேலையில் இருந்து நிறுத்த முடியாது. ஆனால் செய்யாத வேலைக்குச் சம்பளமும் இல்லை. இதை இங்கே சொன்னால் ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை, அரசாங்கம் காசு கொடுத்துத் தெருவில் விடுகிறது என்று நினைக்கிறார்கள்.

ரெபுப்ளிக் திடலில் எங்கள் வரிசை நகரவே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. பையில் நூல் இருந்தது. விரல் நுனி இல்லாத கையுறையோடு நின்றபடியே பின்னத் தொடங்கினேன், ஒரு குழந்தைத் தொப்பி, 72 கண். பயத்துக்குத்தான் பின்னினேன், கை வேலையில் இருந்தால் நெஞ்சு படபடப்பது குறையும். பக்கத்தில் நின்ற வயதான பிரெஞ்சுப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, நாலு வரிசைக்குக் கீழே ஒரு ‘மாய்’ விழுந்திருக்கிறது என்று விரலால் காட்டினாள். பின்னலில் ஒரு கண்ணுக்கு அவர்கள் சொல்வது மாய். மீன் வலையின் கண்ணுக்கும் அதே சொல்தான். நாங்களும் வலைக்கு, பின்னலுக்கு இரண்டுக்கும் கண் என்றுதானே சொல்கிறோம்? அந்தச் சனத்துக்குள், அந்த மேளச் சத்தத்துக்குள், நானும் அவளும் கொக்கி ஊசியால் விழுந்த கண்ணை ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்றிக்கொண்டு நின்றோம். அன்றைக்கு நாடு முழுவதும் 963,000 பேர் என்று அமைச்சு சொன்னது.

ஊர்வலம் முடிகிற நாசியோன் திடல் வரை நான் போகவில்லை. முன்னால் எங்கோ புகை தெரிந்ததும் என் கால் தானாகத் திரும்பிவிட்டது. மாலிக்காரி என் கையைப் பிடித்து ஒரு பக்கத் தெருவால் கூட்டிக்கொண்டு வந்தாள். மெத்ரோவில் இருந்தபோதும் நடுக்கம் நிற்கவில்லை. ஆனாலும் மார்ச் 7 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு மறுபடியும் போனேன். அன்றைக்கு இன்னும் கூடச் சனம், 12 லட்சத்துக்கும் மேல்.

அந்த மாதம் குப்பை அள்ளுகிறவர்களும் வேலையை நிறுத்தினார்கள். பாரிசின் நடைபாதைகளில் 10,000 டன் குப்பை வரைக்கும் சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். எனக்கு அது நாற்றமாகப் படவில்லை. விடிய நாலு மணிக்கு ஒருவர் கண்ணிலும் படாமல் வந்து போகிற மனிதர்கள், தாங்களும் இருக்கிறோம் என்று முதன்முதலாக நகரத்துக்குச் சொன்னதாகத்தான் பட்டது. நானும் அந்த நாலு மணி பஸ்ஸில் போகிறவள்தான்.

மார்ச் 16 ஆம் திகதி அரசாங்கம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமலே, அரசியலமைப்பின் 49.3 பிரிவைப் பாவித்துச் சட்டத்தை நிறைவேற்றியது. நான்கு நாள் கழித்து வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 9 வாக்கால் தோற்றது. 49.3 வந்த இரவு சனம் போய் நின்ற இடம் கொன்கோர்ட் திடல். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அரசனின் தலையை வெட்டிய இடம். தலைவெட்டும் மேடைக்குப் பக்கத்தில் இருந்து பின்னிக்கொண்டே பார்த்த பெண்கள் என்று ஒரு கதை உண்டு, ‘திரிக்கோத்தெஸ்’, அதாவது பின்னல்காரிகள். இரத்த வெறி பிடித்த கிழவிகளாகத்தான் அவர்களைக் காட்டுவார்கள். எனக்கு அந்தப் படம் பிடிப்பதில்லை. 1789 அக்டோபர் 5 இல் பாண் கேட்டு மழைக்குள் வெர்சாய் வரை நடந்தவர்கள் பாரிசின் சந்தைப் பெண்கள். 1795 இல் தெருவில் ஐந்து பெண்களுக்கு மேல் சேர்ந்து நிற்கக்கூடாது என்று ஆணை போட்டார்கள். ஐந்து பெண்கள்! பெண்கள் கையில் ஊசியோடு ஓரிடத்தில் சேர்ந்திருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பயமாக இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் அரசியலமைப்பு மன்றம் சட்டத்தை ஏற்றது. யூனில் கடைசி ஊர்வலம், அது பதினாலாவது. செப்டம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோற்றுப்போனோம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். 2025 அக்டோபரில் வேறொரு பிரதமர், லெகோர்னு, அதே சட்டத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார், டிசம்பரில் நாடாளுமன்றம் அதை ஏற்றது. 2028 வரைக்கும் நிறுத்தம். அதன்பிறகு என்ன என்பது வேறு கதை. மாலிக்காரி அதற்குள் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்து வேலையை விட்டுவிட்டாள், குறைந்த ஓய்வூதியத்தோடு.

வென்றதும் உண்டு. பாரிசில் பத்திஞோல் பகுதியில் உள்ள இபிஸ் விடுதியில் துணை ஒப்பந்தக் கம்பனிக்கு வேலை செய்த துப்புரவுப் பெண்கள், பெரும்பாலும் ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்கள், 2019 யூலையில் வேலையை நிறுத்தினார்கள். மணித்தியாலத்துக்கு இத்தனை அறை என்ற கணக்குக்கு எதிராகத்தான். 22 மாதம். இடையில் கொரோனாவும் வந்தது. 2021 மே மாதம் வேலைப் பாரத்தைக் குறைத்து, சம்பளத்தைக் கூட்டி ஒப்பந்தம் எழுதவைத்தார்கள். அவர்களுக்காகப் பேசிய ரஷேல் கேகே, ஐவரி கோஸ்டில் பிறந்த அறைத் துப்புரவுக்காரி, அடுத்த வருடம் நாடாளுமன்ற உறுப்பினராகப் போனார். எங்கள் உடுப்பு மாற்றும் அறையில் அந்தச் செய்தி வந்த நாள் ஒரு கலியாண வீடு மாதிரி இருந்தது.

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்றுதான் சொன்னேன்: “நான் இஞ்ச வந்து நாலு கிழமை இருக்கிறன்தானே, சம்பளத்தோட. அது சும்மா வந்ததில்ல கிளி.” பிரான்சில் சம்பளத்தோடு விடுப்பு என்பது 1936 இல் வந்தது. தொழிற்சாலைகளை உள்ளே இருந்தபடியே பிடித்து வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானோர் செய்த வேலைநிறுத்தத்தில் கிடைத்த இரண்டு கிழமை. 1956 இல் மூன்றாவது, 1969 இல் நாலாவது, 1982 இல் ஐந்தாவது. நான் அம்மாவோடு பொங்கிய பொங்கலும் இந்த விறாந்தையும் இந்தத் தொப்பியும் யாரோ 1936 இல் சம்பளத்தை விட்டுவிட்டு நின்றதால் எனக்குக் கிடைத்தவை. பஞ்சி பிடித்தவர்கள் என்று நான் திட்டியது அவர்களின் பேரப்பிள்ளைகளை. அந்தப் பேச்சை எங்கள் ஆட்களிடம் இனிக் கேட்டால் நான் பேசாமல் இருக்கமாட்டேன்.

“அது அங்க மாமி,” என்றாள் அவள். “இஞ்ச ஒரு நாள் நிண்டாலும் வரவுக் காசு போயிரும்.” ஒரு நாளும் விடாமல் வந்தால்தான் கிடைக்கிற அந்தக் கொடுப்பனவை நம்பித்தான் வீட்டுச் செலவு. ஒன்றோடு ஒன்று முடிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இங்கேயும் நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, அப்போது அவள் சின்னப் பிள்ளை. 2011 மே மாதம் தனியார் துறைக்கு ஓய்வூதியச் சட்டம் ஒன்று வரப்போகிறது என்றபோது கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். சம்பளத்தில் இன்னொரு வெட்டு விழும், பல வருடம் கட்டினால்தான் ஏதாவது கையில் வரும். ஐந்தாறு வருடம் தைத்துவிட்டுக் கலியாணத்துக்கு ஊர் திரும்புகிற பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது? மே 30 இல் பொலிஸ் சுட்டது. ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி யூன் 1 இல் இறந்துபோனான். அரசாங்கம் சட்டத்தை மீளப் பெற்றது. இன்றைக்கு இந்தப் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது, கலியாணம் முடித்து வேலையை விட்டால் அந்தக் காசை எடுக்கலாம், இல்லாவிட்டால் 50 வயதில் எடுக்கலாம். அது அவளுக்கு மனப்பாடம், தாலிக்கொடிக்கு எவ்வளவு, வீட்டுச் சீற்றுக்கு எவ்வளவு என்றும் பிரித்து வைத்திருக்கிறாள். அந்தக் காசு அப்படியே இருப்பதற்கு ஒருவன் செத்தான் என்பதை அன்றைக்குத்தான் கேட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

“சிங்களப் பொடியனா மாமி?”

“ஓம்.”

அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் புரை விழுந்தபிறகு காது கூர்மை. எனக்குப் பின்னல் பழக்கியது அவர்தான். சண்டைக் காலத்தில் நல்ல ஊசி கிடைக்காது. சைக்கிள் கம்பி இரண்டைக் கல்லில் தேய்த்து நுனி எடுத்து, பழைய சுவெற்றரை அவிழ்த்த நூலில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தொப்பி பின்னிக் கொடுப்பார். “நீங்க ரெண்டு பேரும் கதைக்கிற கதைக்கு அங்க கண் விழுந்திருக்கும், பாருங்க,” என்றார் உள்ளே இருந்து.

விழுந்துதான் இருந்தது. எனக்கு முதல் அவள் கண்டுபிடித்தாள். ஒரு மணித்தியாலத்தில் எத்தனையோ சட்டைக் கையைத் தைத்துத் தள்ளுகிற கண், தையல் பிசகினால் தப்பாது. ஆறு வரிசைக்குக் கீழே.

“முழுக்க அவுக்கணுமா?”

“இல்ல. கீழ இறங்கி எடுத்து, ஒவ்வொண்டா ஏத்து.”

கொக்கி ஊசியை அவள் கையில் கொடுத்தேன். அவளுடைய வலக்கைச் சுட்டுவிரல் நுனியில் மெஷின் ஊசி ஏறிய பழைய வடு, கறுத்த புள்ளியாக. பெருவிரலை அவள் வளைத்தபோது முகம் ஒரு கணம் சுளித்தது. அந்தச் சுளிப்பை எனக்குத் தெரியும். 24 வயதில் எனக்கு அது இருக்கவில்லை.

“நோகுதா?”

“ராவைக்குத்தான் மாமி. எல்லாருக்கும் இருக்கு, எங்கட லைன்ல.”

“எல்லாரும் எண்டா எத்தின பேர்?”

அவள் ஊசியை நிறுத்திவிட்டு யோசித்தாள். விரல் மடக்கிப் பெயர் சொல்லிச் சொல்லி எண்ணத் தொடங்கினாள். ஒரு கை முடிந்து மறுகைக்கு வந்தாள்.